ஏதோ ஒரு பட்டம் போதாது

பிளஸ் டூ முடிவுகள் வந்து, வீடுதோறும் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வெளியாகியிருக்கிறது ஒரு கட்டுரை. ராணுவத்தில் சேர ஆசைப்படும் பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் தரும் பதில்: எல்லாப் படிப்பும் ஒன்றுதான். ராணுவம் பட்டத்தைக் கேட்கிறதே தவிர, பாடத்தைக் கேட்பதில்லை. எளிதாகத் தேறக்கூடிய ஏதோ ஒன்றில், முடிந்தால் தொலைநிலைக் கல்வியில், பெயரைப் பதிவுசெய்துவிட்டு மிச்ச நேரத்தையெல்லாம் மைதானத்துக்கும் பயிற்சி அகாடமிக்கும் கொடுங்கள். கணிதமும் அறிவியலும் வீண் சுமை. அவசரப்படுகிறவர்கள் கல்லூரியையே விட்டுவிட்டு அக்னிவீரராகப் போகலாம். படைக்குள் நுழைந்துவிட்டால் வாழ்க்கை அமைந்துவிட்டது என்று பொருள்.

இந்த யோசனை தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. இதை நம்பி முடிவெடுக்கப்போவது யார் என்று பார்த்தால் ஆபத்து புரியும். அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊரிலும் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. அந்த வீட்டில் அச்சில் வந்ததுதான் ஆலோசனை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே என்சிசி பொறுப்பையும் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளை முன்னிட்டே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், அவர் சொன்னவற்றில் உண்மையாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் தேர்வின் வழியாக டேராடூன் இந்திய ராணுவ அகாடமிக்கோ சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போக, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பி.ஏ. வரலாறும் பி.காமும் பி.எஸ்சி. தாவரவியலும் அங்கே சமம். ஆனால் தரைப்படைக்கு அதிகாரியாகப் போகும் பல வழிகளில் சிடிஎஸ் ஒன்று. அந்த ஒரு வழிக்கான விதியை எடுத்து எல்லா வழிகளுக்கும் விதியாக அறிவித்துவிட்டார் கட்டுரையாளர். அவருடைய மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பொறியியல் படித்தவர்களுக்கான வழிகளைப் பாருங்கள். டிஜிசி, எஸ்எஸ்சி டெக் என்று மாணவர்கள் சொல்லும் இரண்டு நுழைவுகளிலும் 20 முதல் 27 வயது வரை விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வே கிடையாது. விண்ணப்பித்தவர்களில் யாரை எஸ்எஸ்பி எனப்படும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்பது என்பதைக் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண் சதவீதத்தை வைத்தே முடிவுசெய்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்-ஆஃப் உண்டு. அதாவது இந்த வழியில் நான்கு ஆண்டுப் படிப்பே நுழைவுத் தேர்வு. மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே, மைதானத்தைக் கவனி என்று சொல்லப்பட்ட மாணவர், தன் உடல் தகுதியைக் காட்டும் வாய்ப்புக்கு முன்பே வெளியேறிவிடுவார்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எந்தெந்தப் பொறியியல் பிரிவுகள் ஏற்கப்படும் என்று அறிவிக்கையில் பட்டியல் போட்டிருப்பார்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல் போன்றவையும், அவற்றுக்கு இணையாக ஏற்கப்பட்ட பிரிவுகளும் அதில் வரும். பட்டச் சான்றிதழில் இருக்கும் பிரிவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. கவர்ச்சியான புதுப்புதுப் பெயர்களில் பொறியியல் பிரிவுகள் முளைத்துக்கொண்டிருக்கும் நம் மாநிலத்தில், சேர்க்கைக்கு முன் ஒவ்வொரு பெற்றோரும் சரிபார்க்க வேண்டிய செய்தி இது. பாடம் எதுவானாலும் பரவாயில்லை என்று எழுதுகிறவர் இந்தப் பட்டியலை ஒருமுறையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் படித்தவர்களுக்கு ஜேஏஜி எனப்படும் ராணுவச் சட்டப் பிரிவு இருக்கிறது. எல்எல்பியில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணும் கிளாட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு ரிமவுண்ட், கால்நடைப் படைப்பிரிவு உண்டு. மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நீட் எழுதி, புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்து, அங்கிருந்தே சீருடை அணியலாம். முதுகலை முடித்தவர்களுக்கு ராணுவக் கல்விப் பிரிவு இருக்கிறது. இந்த வழிகள் எல்லாம் படிப்பினாலேயே திறக்கின்றன. 17 வயதில் எடுக்கும் ஒரு முடிவு இவற்றில் எதைத் திறக்கும், எதை மூடும் என்பதைச் சொல்வதுதான் ஒரு வழிகாட்டியின் வேலை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வதற்கு வழிகாட்டியே தேவையில்லை.

அடுத்து, கணிதம் சுமை என்ற வாதம். கட்டுரையின் மிகக் கெட்ட பகுதி இது.

பிளஸ் டூவோடு அதிகாரிப் பயிற்சிக்குப் போகும் முதன்மையான வழி என்டிஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்ணுக்கு. அதில் 300 கணிதத்துக்கு. தரைப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது சரி. ஆனால் தேர்வு அறைக்குள் நுழைந்ததும் மேல்நிலைப் பள்ளிக் கணிதம் எல்லோருக்கும் ஒரே வினாத்தாளாக வரும். கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கோ இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். பட்டம் முடித்தபின் விமானியாக விரும்புகிறவருக்கும், பொறியியல் படித்திராவிட்டால், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தாக வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணோடு பொறியியல் பட்டத்தையும் அதிகாரிப் பணியையும் சேர்த்துத் தரும் டிஇஎஸ் நுழைவுக்கு அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 சதவீதமும், ஜேஇஇ மெயின் எழுதியிருப்பதும் தேவை.

பட்டப்படிப்புக்குப் பிறகும் கணிதம் விடுவதில்லை. சிடிஎஸ் தேர்வில் டேராடூனுக்குப் போக விரும்புகிறவர் ஆங்கிலம், பொது அறிவு, தொடக்கநிலைக் கணிதம் ஆகிய மூன்று தாள்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். பரங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பிப்பவருக்குக் கணிதத் தாள் இல்லை. இந்த வேறுபாட்டின் விளைவை யோசியுங்கள். டேராடூனில் தேறினால் நிரந்தரப் பணி. பரங்கிமலையில் தேறினால் பத்து ஆண்டுக் குறுகிய காலப் பணி. விரும்பினால் மேலும் நான்கு ஆண்டு. நிரந்தரப் பணி கிடைப்பது அதன்பின் நடக்கும் தேர்வைப் பொறுத்தது. ஆக, ஓய்வூதியம் வரை நீளக்கூடிய பணிக்கும், பத்து அல்லது பதினான்கு ஆண்டில் முடியக்கூடிய பணிக்கும் நடுவே பத்தாம் வகுப்புத் தரத்தில் ஒரு கணிதத் தாள் நிற்கிறது. அந்தத் தாளுக்கு அஞ்ச வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எழுதிவிடலாம் என்று ஒரு மாணவரைத் தேற்றுவது ஆசிரியரின் கடமை. கணிதத்தைத் தூக்கிப்போடு என்பவர் அந்த மாணவரின் எதிர்காலத்தில் பாதியைத் தூக்கிப்போடச் சொல்கிறார்.

கட்டுரை முழுவதும் இன்னொரு குறை ஓடுகிறது. அவருக்குப் பிள்ளை என்றாலே பையன்தான். பெண்களை என்டிஏ தேர்வு எழுத அனுமதிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. அப்படிச் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே மாதம் என்டிஏ இருக்கும் கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. பரங்கிமலையில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ராணுவச் செவிலியர் பணிக்காக நீட் வழியாக பி.எஸ்சி. நர்சிங்கில் சேரும் வாய்ப்பும் பெண்களுக்கு உண்டு. சட்டம், பொறியியல், என்சிசி ஆகிய நுழைவுகளிலும் அவர்களுக்கு இடங்கள் உண்டு. ஒரு பெண் பிள்ளைக்குப் படிப்புத் தேர்வு கூடுதல் முக்கியம். அவளுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் குறைவு. ஒரே வழியை நம்பி நிற்காமல் இரண்டு மூன்று வழிகளைத் திறந்துவைக்கும் படிப்பு அவளுக்குத் தேவை. இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், ராணுவக் கனவுள்ள பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லிவிட்டதாக அவர் எப்படி நினைத்துக்கொண்டார்?

தம் வாதத்துக்குச் சான்றாக இரண்டு பெரிய பெயர்களை அவர் எடுத்துக்கொள்கிறார். அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் வணிகவியல் படித்தவர். தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜி சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டம் முடிக்காமலே படைக்குப் போனவர். ஆகவே படிப்பு பொருட்டல்ல என்கிறார்.

இருவரின் வரலாற்றையும் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகுந்த் பி.காம் முடித்ததோடு நிற்கவில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயமும் படித்தார். அதற்குப் பிறகே பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006இல் அதிகாரியானார். வெறும் பட்டம் போதும் என்று நினைத்தவர் இரண்டாவது படிப்புக்குப் போயிருக்க மாட்டார். சுந்தர்ஜி படையில் சேர்ந்தது வேறொரு காலம். இன்று அதிகாரியாகும் வழிகளின் தகுதி விதிகள் வேறு. அதையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், அவர் பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு ஆய்வியலில் எம்.ஏ.வும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வியலில் எம்.எஸ்சி.யும் பெற்றவர். வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் பயின்றவர். படித்துக்கொண்டே இருந்ததால் சிந்தனையாளர் என்று பெயர் எடுத்த ஒரு தளபதியைப் படிப்பு வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக நிறுத்துவது அவருடைய வாழ்க்கைக்குச் செய்யும் அநீதி.

ராணுவம் படிப்பை எப்படி மதிக்கிறது என்பதை ராணுவமே சொல்கிறது. என்டிஏவில் மூன்றாண்டுப் பயிற்சி முடிப்பவர் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டத்தோடு வெளியே வருகிறார். பரங்கிமலையில் பயிற்சி முடிப்பவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம் கிடைக்கிறது. வெலிங்டனில் பயிலும் அதிகாரிகள் அதே பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் பெறுகிறார்கள். பதவி உயர்வுக்கும் எழுத்துத் தேர்வுகள் உண்டு. படிப்பைச் சடங்காக நினைத்துப் பழகிய பிள்ளை இந்த அமைப்புக்குள் போய் எதைச் சாதிக்கும்?

எஸ்எஸ்பியைப் பற்றி அவர் எழுதியிருப்பதும் கேள்விப்பட்டதை வைத்து எழுதியது. ஓட்டமும் தண்டாலும் அங்கே தீர்மானிக்கும் என்கிறார். ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வின் முதல் நாளிலேயே அறிவுத்திறன் வினாக்களும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாக விவாதிக்கும் சோதனையும் நடக்கும். வந்தவர்களில் பெரும் பகுதியினர் அன்றே ஊர் திரும்புகிறார்கள். அதன்பின் உளவியல் சோதனைகள், குழுச் செயல்பாடுகள், நேர்காணல், இறுதி அவை. மாணவர் தன் கைப்பட நிரப்பிக் கொடுக்கும் பிஐக்யூ படிவத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண், படித்த பாடம், என்சிசி, விளையாட்டு எல்லாம் இருக்கும். நேர்காணல் செய்யும் அதிகாரி அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய், அதில் உனக்குப் பிடித்தது எது, இந்தப் பருவத்தில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பார். சுலபம் என்று சொன்னார்கள், எடுத்தேன் என்பது ஒரு பதிலா? தன் மூன்று ஆண்டுகளைக் காரணம் இல்லாமல் செலவழித்தவரிடம் நாற்பது வீரர்களின் உயிரை ஒப்படைக்கலாமா என்று அந்த அதிகாரி யோசிப்பது நியாயம்தானே?

அந்த ஐந்து நாளும் ஆங்கிலம் தேவைப்படும். பரங்கிமலைக்கு விண்ணப்பிப்பவரின் எழுத்துத் தேர்வில் ஆங்கிலத் தாளே பாதி மதிப்பெண். தமிழ்வழியில் பிளஸ் டூ வரை படித்த பிள்ளை கூச்சமின்றி ஆங்கிலத்தில் பேசவும் வாதிடவும் பழகிக்கொள்ளக் கிடைக்கும் காலம் கல்லூரிக் காலம்தான். வகுப்பறை, கருத்தரங்கு, துறை மன்றம், நூலகம், வேறு ஊர் மாணவர்களோடு பழக்கம் எல்லாம் சேர்ந்து தரும் பயிற்சி அது. தொலைநிலைக் கல்வியில் பதிவுசெய்துவிட்டு நாளெல்லாம் மைதானத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? இந்த மூன்றாண்டை வீணடிக்கச் சொல்வது விதைநெல்லை அவித்துத் தின்னச் சொல்வதற்குச் சமம்.

தொலைநிலைக் கல்வியால் கைவிட்டுப் போகும் இன்னொன்று என்சிசி. கட்டுரையாளர் அதைக் குறிப்பிடவே இல்லை. ராணுவத்துக்கான கல்லூரிப் படிப்பைப் பற்றி எழுதும் ஒருவர் என்சிசியை மறந்தார் என்றால், அந்த ஆலோசனையில் மீதி என்ன இருக்கிறது? கல்லூரியில் மூன்று ஆண்டு என்சிசியில் இருந்து சி சான்றிதழைக் குறைந்தது பி கிரேடில் பெற்று, பட்டத்தில் 50 சதவீதமும் வைத்திருப்பவர், 19 முதல் 25 வயதுக்குள் என்சிசி சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு இல்லை. நேராக எஸ்எஸ்பி. கடைசி ஆண்டில் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அக்னிவீரர் தேர்விலும் என்சிசி சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. முதலாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தால்தான் மூன்றாம் ஆண்டில் சி தேர்வு எழுத முடியும். கிடைக்கும் இடங்களும் அளவானவை. எனவே ராணுவம் போக விரும்பும் மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே என்சிசி தரைப்படைப் பிரிவு இருக்கிறதா, பெண்களுக்கான பிரிவும் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி அக்னிவீரர். பத்தாம் வகுப்போடு ஜவானாகப் போகும் பிள்ளைகளை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த நாட்டின் எல்லையில் நிற்கும் பெரும்பாலோர் அவர்கள்தான். குடும்பச் சூழலால் 18 வயதில் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு அது கண்ணியமான வழி. ஆனால் படித்து முன்னேற வாய்ப்பு இருக்கும் பிள்ளையைப் பார்த்து, கல்லூரியை விட்டுவிட்டு அங்கே போ, வாழ்க்கை அமைந்துவிடும் என்று சொல்வது பொய். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன்பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர் நூற்றுக்கு 25 பேர் வரை. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு ஊர் திரும்புகிறார்கள். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. பதினெட்டில் போனவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவரோடு படித்தவர்கள் பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இந்த நிலையை அரசும் அறிந்திருக்கிறது. அதனால்தான் பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும், மற்றவருக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பட்டத்தில் பாதி மதிப்பீட்டுப் புள்ளிகள் படைப் பயிற்சிக்காகவே தரப்படுகின்றன. அக்னிவீரராகப் போக விரும்பும் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதை: சேர்ந்த முதல் ஆண்டிலேயே அந்தப் படிப்பில் பதிவுசெய்யச் சொல்லுங்கள், நான்கு ஆண்டு முடியும்போது கையில் பட்டம் இருக்கட்டும். கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது இதைத்தான். அக்னிவீரரிலேயே தொழில்நுட்பப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. அவர் சுமை என்று தள்ளிய அதே பாடங்கள் அங்கேயும் வந்து நிற்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம், தோற்றவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதாததுதான். எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்எஸ்பியில் பரிந்துரை பெற்று, மருத்துவப் பரிசோதனையில் விழுபவர்கள் இருக்கிறார்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் உள்ள குறை, தட்டைப் பாதம், நிற்கும்போது முழங்கால்கள் முட்டிக்கொள்வது ஆகியவை பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் முடித்துவிடும். மருத்துவத்திலும் தேறி, தகுதிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. இடங்கள் குறைவு, வருபவர்கள் மிகுதி. ராணுவத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் ராணுவத்துக்குள் போவதில்லை என்பது எந்த ஆண்டும் மாறாத உண்மை. அந்தப் பெரும்பாலோரிடம் 25 வயதில், விருப்பமில்லாமல் படித்த ஒரு பட்டத்தையும் சில அரியர்களையும் கொடுத்து அனுப்பும் யோசனையை எப்படி வழிகாட்டல் என்று சொல்வது?

தேறியவர்களுக்கும் இது பொருந்தும். குறுகிய காலப் பணியில் போகும் அதிகாரி நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் வெளியே வருவார். அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக இருபது ஆண்டுப் பணி தேவை. எனவே அவருக்கு ஓய்வூதியம் இல்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வயதில் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கும்போது, பதினேழு வயதில் தேர்ந்தெடுத்த படிப்பு மறுபடியும் அவர் முன்னால் வந்து நிற்கும். சிவில் பொறியியலோ சட்டமோ பொருளாதாரமோ உண்மையாகப் படித்தவருக்குப் படை அனுபவம் அந்தப் படிப்பின் மதிப்பைக் கூட்டும்.

எந்தப் பட்டமும் ஒன்றுதான் என்று தொடங்கியவர், கட்டுரையின் கடைசியில், பெயரில் பாதுகாப்பு என்ற சொல் இருக்கும் பட்டப்படிப்புகளைப் பரிந்துரைத்து முடிக்கிறார். தம் வாதத்தில் தமக்கே நம்பிக்கை இல்லை என்று இதனால் தெரிகிறது. பாதுகாப்பு, உத்தி ஆய்வியல் நல்ல துறை. போர் வரலாறு, பன்னாட்டு அரசியல், அணு ஆயுதக் கொள்கை ஆகியவற்றில் ஆர்வம் உள்ள பிள்ளை தாராளமாகச் சேரலாம். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்திருப்பவருக்குச் சிடிஎஸ் தேர்வில் தனிச் சலுகை கிடையாது. அது ராணுவத்துக்கான நுழைவுச்சீட்டு என்று நம்பிச் சேருகிறவர் ஏமாறுவார். துறையின் மீது உள்ள ஆர்வத்தால் சேருகிறவருக்கு அது பயன்படும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும். முடிந்தவரை கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுங்கள். வணிகவியலோ கலைப் பிரிவோ எடுத்துவிட்ட பிள்ளை மனம் தளர வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தை மறக்காமல் வைத்திருந்தால் டேராடூன் வழி திறந்தே இருக்கும். பிளஸ் டூ முடிவதற்குள் ஒரு கண் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் காட்டி, எந்தப் படைக்கு உடல் இடம் கொடுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். என்டிஏவுக்குப் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம். கல்லூரி முதலாண்டிலும் அந்த வாய்ப்பு பலருக்கு மிச்சம் இருக்கும்.

பிறகு பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ராணுவம் என்ற ஒன்றே இல்லை என்றால் எந்த வேலை செய்ய விரும்புவாய்? அந்தப் பதிலுக்குப் பொருந்தும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். விரும்பிப் படிக்கும் பாடத்தில்தான் மதிப்பெண் வரும். மதிப்பெண் இருந்தால்தான் டிஜிசியும் ஜேஏஜியும் கூப்பிடும். அந்தப் பாடத்தைப் பற்றித்தான் எஸ்எஸ்பியில் கண்ணைப் பார்த்துப் பேச முடியும். படை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்தப் படிப்பு சோறு போடும். படிப்பை முடிவுசெய்தபின், அது எந்தெந்த நுழைவுகளைத் திறக்கிறது, எந்த வயது வரை திறந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள்: டேராடூனுக்கு 24, பரங்கிமலைக்கும் என்சிசி நுழைவுக்கும் 25, தொழில்நுட்பப் பட்டதாரிக்கும் சட்டம் படித்தவருக்கும் 27. என்சிசி இருக்கும் கல்லூரியைத் தேடுங்கள். அரியர் வைக்காமல் படிக்கச் சொல்லுங்கள். தேறியபின் குறித்த நாளுக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டாதவரின் தேர்வு ரத்தாகும். காலையில் ஓடட்டும், மாலையிலும் ஓடட்டும். நடுவில் இருக்கும் நேரத்தில் வகுப்பில் இருக்கட்டும். ஓட்டமும் படிப்பும் ஒன்றையொன்று விழுங்க வேண்டிய தேவையே இல்லை. கட்டுரையாளர் அப்படி ஒரு பகையை உண்டாக்கி, அதில் படிப்பைத் தோற்கடித்திருக்கிறார்.

நாட்டுக்காக உயிரைக் கொடுக்கவும் தயார் என்று பதினேழு வயதில் ஒரு பிள்ளை சொல்லும்போது, பெரியவர்களான நாம் பதிலுக்குக் கொடுக்க வேண்டியது சரியான தகவல். உன் படிப்பு எதுவானாலும் ஒன்றுதான் என்பது, உன் வாழ்க்கை எப்படிப் போனாலும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு நிகர். கல்லூரிச் சேர்க்கை இன்னும் முடியவில்லை. கட்டுரையாளருக்கு இந்தப் பிள்ளைகள் மீது அக்கறை இருந்தால், அந்த யோசனையை இப்போதே, அச்சில், தம் பெயரிலேயே திரும்பப் பெற வேண்டும்.